கதவையும் திறக்காதே

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொக்கு என்றால்தான் தெரியும். கழுத்து நீளம், அது ஒரு காரணம். யோசிக்கும்போது இடது காலை மடக்கி வலது முழங்காலில் ஊன்றிக்கொண்டு திரைக்கு முன்னால் ஒற்றைக் காலில் நிற்பார், அது இன்னொரு காரணம். நின்றால் நின்றதுதான். பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டும், போன் அடித்து ஓயும், மனுஷன் அசையமாட்டார். அவர் காலை இறக்கினால் ஒருத்தன் தலை உருளப்போகிறது என்று அர்த்தம்.

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவிக்கே சரியாக விளங்கவில்லை. அது இயங்குதளம் தயாரிக்கிற கம்பெனி. நாம் மடியில் வைத்துத் தட்டுகிற கம்ப்யூட்டருக்கானது அல்ல. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், குளிர் அறை என்று சுவரில் திருகிவைத்துவிட்டு எல்லாரும் மறந்துபோகிற சின்னப் பெட்டிகளுக்குள் ஓடுவது. அந்தப் பெட்டி தூரத்தில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசியாக வேண்டும் அல்லவா? அந்தப் பேச்சை நடத்திவைக்கிற பகுதிக்கு டிசிபி என்று பெயர். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கொக்கு தன் கையாலேயே எழுதியிருந்தார். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

மனுஷன் கெட்டிக்காரர், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. ஆனால் ஈவிரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. வெள்ளிக்கிழமை வாசிப்பு என்று ஒரு வழக்கத்தை அந்த அலுவலகத்தில் அவர்தான் கொண்டுவந்தார். அந்த வாரம் யார் எழுதிய வரி தப்போ, அதைப் பெரிய திரையில் போட்டு, எழுதியவர் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் கொக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை எழுதுறப்ப முழிச்சுக்கிட்டுதான இருந்தீங்க?" பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண் ஒரு தடவை பாதி வரியிலேயே அழுதுவிட்டாள். "அழுது முடிச்சிட்டு மீதி வரியையும் வாசிம்மா" என்றார். அவளும் வாசித்தாள். அடுத்த வாரம் வேலையை விட்டுப் போய்விட்டாள். அன்றைக்குச் சிரித்தவன் எவனும் உருப்படமாட்டான் என்று சொல்லத்தான் நாக்குத் துறுதுறுக்கிறது, ஆனால் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு சனி பிடித்தது. அதற்கு அலுவலகத்தில் தொங்கல் என்று பெயர். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற கனெக்ஷன் திடீரென்று அந்தரத்தில் நின்றுவிடும். அறுந்தும் போகாது, நகரவும் நகராது. இந்தப் பக்கம் பெட்டி உயிரோடு இருக்கும், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும், நடுவில் ஒரு பேச்சும் இருக்காது. எப்போது வரும், எதனால் வரும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. வந்த இடத்தில் இருக்கிறவன் என்ன செய்வான்? பெட்டியை அணைத்துப் போடுவான், எல்லாம் சரியாகிவிடும். கொக்கு போய்ச் சேரும்போது அங்கே ஒரு தடயமும் மிஞ்சியிருக்காது. செத்தவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்போது, எதனால் செத்தாய் என்று அவனிடமே கேட்கவா முடியும்? திரை நின்றுபோனால் உடனே ரீஸ்டார்ட் செய்யவும் என்று வாடிக்கையாளர்களுக்கான வழிகாட்டியில் எழுதிக் கொடுத்ததும் கொக்குதான். அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

மேலாளருக்கு ஆபீசில் சங்கு என்று பெயர். அவர் கூப்பிட்டனுப்பினால் அந்த ஆளுக்கு அன்றோடு சங்கு ஊதியாயிற்று என்பதால் வந்த பெயர். அவர் ஒருநாள் கொக்கைக் கூப்பிட்டார்.

"உக்காருங்க. மேல பேசிட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள தொங்கலைப் புடிக்கலன்னா, உங்க டிசிபியைத் தூக்கிட்டு வெளியிலேர்ந்து ஒண்ணை வாங்கிப் போட்டுக்கலாம்னு முடிவு."

"அப்ப நான்?"

"உங்களுக்கு வேற எதாவது பார்க்கலாம். டாக்குமெண்ட் எழுதுறதுக்கு ஆள் இல்லாமதான இருக்கு."

கொக்கு எழுந்து வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. எங்கேயாவது ஒரு பெட்டி தொங்க வேண்டும், அதை யாரும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அவருடைய ஒரே பிரார்த்தனை அதுதான். தெரிந்த இடத்துக்கெல்லாம் சொல்லிவைத்தார்: வழிகாட்டியில் இருப்பதை மறந்துவிடுங்கள், திரை நின்றால் முதலில் எனக்கு போன் செய்யுங்கள், பெட்டியைத் தொடாதீர்கள். யார் கேட்பார்கள்? அவனவனுக்கு அவனவன் பாடு.

கேட்கிற ஆள் ஒருத்தன் இருந்தான். மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபின் அக்கா மடியில் வளர்ந்தவன். எங்கே வேலைக்குப் போனாலும் எதையாவது அவசரப்பட்டுச் செய்து பேர் கெட்டு வெளியே வருவான். கடைசியில் கொக்குதான் தனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி, ஓர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அவனைச் சேர்த்துவிட்டார். குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை. உள்ளே ரத்தப் பைகள் தட்டுத் தட்டாக இருக்கும். அறையின் வெப்பத்தைக் கொக்கின் பெட்டி அளந்து, கீழே மேசையில் இருக்கிற திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏறினால் திரை அலறும். கதவுக்கு வெளியே இருந்த, வெப்பம் காட்டும் முள் கருவி எப்போதோ கெட்டுப்போனது. திரைதான் வந்துவிட்டதே என்று யாரும் மாற்றவில்லை. மச்சினன் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். தம்பி ஒருவழியாகக் கரையேறிவிட்டான் என்று அக்கா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கொக்கு மட்டும் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அதே பாட்டைத்தான் பாடுவார்: பதறாத காரியம் சிதறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் கண் சிமிட்டுகிற நேரம் போய்விட்டு வந்தது. கொக்கு சாப்பிட உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது.

"மாமா, திரை நின்னுபோச்சு. நாலு டிகிரின்னே காட்டுது. பக்கத்துல இருக்கிற மணி நகரல."

கொக்கு எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "பெட்டியைத் தொட்டியா?"

"இல்ல மாமா. நீங்கதான் முதல்ல உங்களுக்குச் சொல்லணும்னீங்க."

"என் ராசா. நீதான்டா மனுஷன்."

"ரீஸ்டார்ட் பண்ணிரட்டுமா? சுவத்துல அப்படித்தான் ஒட்டியிருக்கு."

"கையை முறிச்சிருவேன். அப்படியே விடு. நான் இங்கேர்ந்தே உள்ள போய்ப் பார்க்கிறேன்."

"சரி மாமா. அதுவரைக்கும் கதவைத் திறந்து உள்ளயாவது ஒரு எட்டு பார்த்துட்டு வந்துர்றேன்."

"வேண்டாம்டா. கதவு திறந்தா பெட்டி அதையும் ஒரு சேதியா அனுப்பப் பார்க்கும். இப்ப நிக்கிற நிலைமை கலைஞ்சிரும். கதவையும் திறக்காதே. அரை மணி நேரம், அவ்வளவுதான்."

"உள்ள ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?"

"நாலு டிகிரின்னு நீதான சொன்னே."

நின்றுபோன திரை சொன்ன நாலு அது. அதைக் கொக்குக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஆனால் அந்த நேரத்தில் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. பெட்டிக்குள் நுழைய கம்பெனிக்கென்று தனிப் பாதை ஒன்று இருந்தது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, அதன் வழியாக உள்ளே போய், காலை மடக்கி நின்றுவிட்டார். மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை மூடிவைத்தாள்.

உள்ளே அவர் பார்த்தது இதுதான். கீழே மேசைக் கம்ப்யூட்டருக்கு அப்போது வேறு வேலை நெருக்கியிருக்கிறது. 'போதும், நிறுத்து, இங்கே இடமில்லை' என்று பெட்டிக்குச் சொல்லியிருக்கிறது. பெட்டி நிறுத்தியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, 'இப்போது இடம் இருக்கிறது, அனுப்பு' என்று சொல்லியிருக்கிறது. அந்த ஒரு சொல் வழியில் இருக்கும்போதுதான் மின்சாரம் போய் வந்திருக்கிறது. பெட்டியும் கம்ப்யூட்டரும் பேட்டரியில் தப்பித்துக்கொண்டன, நடுவில் இருந்த இணைப்புக் கருவி மட்டும் அணைந்து எழுந்தது, சொல் தொலைந்துவிட்டது. மாடியில் ஒருத்தன் குழாயை மூடிவிட்டு உத்தரவுக்கு நிற்கிறான், கீழே ஒருத்தன் திறந்துவிடச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்கு நிற்கிறான். நாள் முழுக்க நிற்கலாம். இப்படி ஆகும் என்று தெரிந்துதான், அனுப்புகிறவன் அவ்வப்போது 'இடம் இருக்கா?' என்று தட்டிக் கேட்க வேண்டும் என்று டிசிபியில் விதி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு டைமர் ஓட வேண்டும். கொக்கு தேடினார். அந்தப் பெட்டியில் ஒரு டைமரும் ஓடவில்லை.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இனி எந்த வரி அந்த டைமரை ஓட்டாமல் விட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அனுப்ப முடியாமல் பெட்டிக்குள் தேங்கி நிற்கிற பைட்டுகளின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் சொட்டுச் சொட்டாக ஏறியது, பிறகு மளமளவென்று ஏறியது. ஏற ஏற அவருக்குச் சந்தோஷம். எத்தனை தேங்கினாலும் தட்டிக் கேட்கவே மாட்டேன் என்கிறதே, இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

போன் அடித்தது. "மாமா, அரை மணி எப்பவோ ஆயிருச்சு. மனசு ஒரு மாதிரியா இருக்கு. ஒரு தடவை திறந்து பார்த்துரட்டுமா?"

"உனக்கு எத்தனை தடவைடா சொல்றது? பதறாத காரியம் சிதறாது. காலம் பூரா அவசரப்பட்டுதான நாசமாப் போனே? இன்னிக்கு ஒரு நாள் பொறுமையா இரு."

மச்சினன் பொறுமையாக இருந்தான். பாவி, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்ன பேச்சைக் கேட்டான்.

வெயில் இறங்கும் நேரத்தில் கொக்கு அந்த வரியைப் பிடித்தார். தேங்கியது ஒன்றும் இல்லாத நேரத்தில் 'நிறுத்து' என்ற சொல் வந்தால், டைமரை வைக்காமலேயே திரும்பிப் போய்விடுகிற ஒரு குறுக்குவழி. ஒரு வரிதான். அவரே எழுதியது, கம்பெனிக்கு வந்த புதிதில். காலை இறக்கி நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியின் நிலையை அப்படியே ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, மச்சினனுக்கு போன் செய்தார்.

"புடிச்சிட்டேன் மாப்ள. இப்ப ரீஸ்டார்ட் பண்ணிக்க."

அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் போன் மறுபடி அடித்தது. "மாமா, பதினெட்டு காட்டுது" என்றான் மச்சினன்.

மத்தியானம் மின்சாரம் போய் வந்தபோதே மொட்டைமாடியில் இருந்த குளிர்விக்கும் எந்திரமும் நின்றிருக்கிறது. ஆள் போய் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும் ரகம் அது. கொக்கு, எடுத்துவைத்த பிரதியைத் திறந்தார். அத்தனை நேரம் எண்ணிக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பைட்டுகளை முதல் தடவையாக எழுத்தாக வாசித்தார். ஆறு டிகிரி. ஏழு. எட்டு, எச்சரிக்கை. பத்து, அபாயம். அபாயம் வந்தால் பெட்டி அடிக்கடி சொல்லும், நீளமாகச் சொல்லும். அதனால்தான் மளமளவென்று ஏறியிருக்கிறது. பெட்டி மத்தியானத்திலிருந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அவர் எதிரிலேயே நின்று அது எத்தனை எழுத்தில் கத்துகிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அங்கே அத்தனை பைகளையும் கழித்துக் கொட்டினார்கள். ரத்த வங்கிப் பொறுப்பு டாக்டரம்மா குளிர் அறை வாசலில் நின்று, "ஜனங்க லீவு போட்டு வந்து கை நீட்டிக் குடுத்த ரத்தம்டா இது" என்று மச்சினனிடம் சொன்னார். கத்தவில்லை, சொல்லத்தான் செய்தார். மறுநாள் நடக்க வேண்டிய அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டார்கள். விசாரணை என்று நாள் குறித்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சங்கு கொக்கை அழைத்தார். இந்தத் தடவை காபியும் வந்தது.

"அருமையான வேலை. மேல எல்லாருக்கும் சந்தோஷம். உங்க டிசிபி எங்கயும் போகாது, நீங்கதான் இனிமே அதுக்குத் தலைவர்." பிறகு கதவைச் சாத்தினார். "அன்னிக்கு போன்ல உங்க மச்சான்கிட்ட என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கல. நீங்களும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். வழிகாட்டியில ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லித் தெளிவா இருக்கு. அது போதும்."

கொக்கு தலையாட்டினார். இடத்துக்கு வந்து, பிரதியிலிருந்து டைமர் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, தேங்கிய சேதிகளை அழித்தார். ஆராய்ச்சிக்கு அது தேவையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை வாசிப்பும் நடக்கவில்லை. அவர் வரியை அவரையே எழுந்து வாசிக்கச் சொல்ல அங்கே யாருக்குத் துணிச்சல்? பழைய வரிதான, விடுங்க என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். தேய்த்த சட்டைதான் போட்டிருந்தான். முகம் மட்டும் பேயறைந்தது போல இருந்தது.

"மாமா, நீங்க சொல்லிருவீங்கல்ல?"

"நீ பதறாதே" என்றார் கொக்கு.

உள்ளே டாக்டரம்மாவும் ஆஸ்பத்திரி நிர்வாகியும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி சார்பில் வந்த நிபுணர் என்ற முறையில் முதலில் கொக்கைத்தான் கேட்டார்கள். திரை நின்றுபோனால் பணியாளர் என்ன செய்திருக்க வேண்டும்?

"ரீஸ்டார்ட் பண்ணியிருக்கணும். வழிகாட்டியில இருக்கு."

"அது முடியலன்னா?"

கொக்கு தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "குறைஞ்சபட்சம் கதவைத் திறந்து உள்ள பார்த்திருக்கணும்."

மச்சினன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நிர்வாகி அவன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு மத்தியானம் நீ இவருக்கு போன் பண்ணியிருக்கே. என்ன பேசினே? திறக்க வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?"

மச்சினன் வாயைத் திறந்தான். கொக்கு டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பையன் அந்த நொடியில் என்ன நினைத்தானோ, அக்காவின் வீட்டை நினைத்தானோ, யார் கண்டது? "வீட்டு விஷயம் பேசினேங்க. யாரும் எதுவும் சொல்லல. எனக்காத் தோணல, அவ்வளவுதான்" என்றான்.

அன்றே அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எழுத்தோடு எந்த ஆஸ்பத்திரி வாசலில் ஏற முடியும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இதெல்லாம் தெரியாத அக்காக்காரி ஆடித் தீர்த்தாள். தம்பியை போனில் கூப்பிட்டுக் கொக்கின் எதிரிலேயே நார் நாராகக் கிழித்தாள். "உனக்காக எத்தனை பேர்கிட்ட வாய் விட்டுக் கேட்டாரு அந்த மனுஷன். அவரு மூஞ்சில கரியைப் பூசிட்டியேடா. கதவைத் திறந்து பார்க்கிறதுக்குக்கூடவா உனக்குச் சோம்பேறித்தனம்? உன்னைப் பெத்தவங்க நல்லவேளை போய்ச் சேர்ந்துட்டாங்க." கொக்கு செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே, "விடும்மா, சின்னப் பையன்" என்றார். அவர் மனசு யாருக்கு வரும் என்று மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் விடவில்லை. மாமாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் இந்த வீட்டு வாசற்படி என்று தம்பிக்குச் சொல்லிவிட்டாள். அவனும் வந்தான். இளைத்திருந்தான். கூடத்தில் கொக்கு நாற்காலியில் இருந்தார், அவன் நின்றான், அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"கேளுடா."

"மன்னிச்சிருங்க மாமா. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"பரவாயில்ல மாப்ள" என்றார் கொக்கு.

அதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை. என்ன இருந்தாலும் வளர்த்தவள். "இரு, சாப்பிட்டுட்டுப் போ" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும்வரை மச்சினன் காத்திருந்தான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உள்ள சூடு ஏறுதுன்னு தெரிஞ்சுதான் அன்னிக்குத் திறக்காதேன்னு சொன்னீங்களா?"

கொக்கு நிமிர்ந்தார். "சத்தியமாத் தெரியாது மாப்ள."

அது உண்மை. இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை. இதையாவது இவன் நம்பிவிட வேண்டுமே என்று அவருக்கு இருந்தது. முன்னால் சாய்ந்து, அடிக்குரலில் வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை, அந்த நேரத்தில் டைமரைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான். மச்சினன் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். அவர் முடித்ததும் வாசல் பக்கம் போய்ச் செருப்பை மாட்டினான்.

"சரி மாமா. அக்காகிட்ட நான் எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீங்க பயப்படாதீங்க."

அவன் படியிறங்குகிற சத்தம் கீழ்வரை கேட்டது. மனைவி தட்டோடு வந்து காலியாக இருந்த கூடத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடாமலா போயிட்டான்? ஒழுங்கா மன்னிப்புக் கேட்டானா, இல்ல எதுத்து எதாவது பேசினானா?"

"கேட்டான்" என்றார் கொக்கு.